கிடா இல்லாத ஊர்

அம்மாவைப் பெற்றவளான என் அமுச்சியின் ஊர் ஊத்துக்குளிக்குத் தெற்கே, நொய்யல் ஓரம். அந்த ஊரில் இன்றைக்கு எருமை கட்டிய கட்டுத்தறி ஒன்றுகூடக் கிடையாது. ஜெர்சி இருக்கிறது, வெள்ளாடு இருக்கிறது, எருமை இல்லை. எண்பதுகளில் பள்ளி லீவு விட்டதும் நான் போய் இறங்கிய அதே ஊர்தான். அன்றைக்கு எருமை இல்லாத குடியானவர் வீடு ஒன்றைக் காட்டச் சொன்னால் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

ஊத்துக்குளி வெண்ணெய்க்குத் தமிழ்நாடு முழுக்கப் பேர் உண்டு. அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தது எருமை. பசு வெண்ணெயில் மஞ்சள் ஓடியிருக்கும். பச்சைத் தீவனத்தில் இருக்கிற கரோட்டின் பாலில் இறங்குவதால் வருகிற நிறம் அது. எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடும். அதனால் அதன் வெண்ணெய் சுத்த வெள்ளை. கலப்பினப் பசுவின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை, நாலு என்றால் எருமைப் பாலில் ஏழு தேறும். கொழுப்புத் துளிகளும் பெரியவை என்பதால் கடையும்போது சீக்கிரம் திரண்டுவிடும்.

மழை குறைந்த பூமியில் இத்தனை எருமை எப்படிப் பிழைத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கொறங்காடு இருந்தது. நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட சொந்த நிலம் அது. காங்கயம் மாடும் செம்மறியும் எருமையும் முறை வைத்து அதில் மேய்ந்தன. படலைச் சாத்திவிட்டால் காவல் வேண்டியதில்லை. மழை பெய்தால் புல் தானாக எழும். கோடையில் வெள்வேல் காய் உதிரும். காய்ந்த புல்லையும் சோளத்தட்டையும் தின்று கெட்டிப் பால் கொடுக்கிற சாமர்த்தியம் எருமைக்கு உண்டு. சீமைப் பசுவுக்கு அது வராது.

அமுச்சி எருமை கறப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து தாழியில் புண்ணாக்குத் தண்ணி காட்டுவாள். கன்றை அவிழ்த்து விடுவாள். கன்று நாலு காம்பையும் முட்டி முட்டிச் சப்பிய பிறகு அதைத் தாயின் முன்னங்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மடியைத் தண்ணி விட்டுக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்ட விரலால் காம்பை நீவுவாள். உடனே பால் வராது. நான் பொறுமை இழப்பேன். "எருமைக்கு அவசரம் ஆகாது கண்ணு. அது மனசு வெச்சாத்தானே எறக்கும்" என்பாள். எருமை அசை போட ஆரம்பிக்கும். காம்பு நிறைந்து விறைக்கும். பிறகு போசியில் விழுகிற முதல் பீச்சின் சத்தம் கேட்கும். ஒரு காம்பைக் கன்றுக்கென்று தொடாமல் விடுவாள். கிடாக்கன்றாக இருந்தாலும் அப்படித்தான்.

கல்யாணம், எழவு என்று அவள் வெளியூரில் தங்கிவிட்டால் மாமா அவளுடைய பழைய சேலையை மேலே சுற்றிக்கொண்டு கறக்கப் போவார். கொங்கு நாட்டில் எருமை வளர்த்த பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. பின்னாளில் கால்நடை மருத்துவம் படித்த நண்பர் ஒருவர் இதற்கான காரணத்தை விளக்கினார். மடியின் கீழறையில் பசுவுக்குப் பால் ஓரளவு தேங்கி நிற்கும். எருமைக்கு அங்கே தேங்குவது மிகச் சொற்பம். ஏறக்குறைய எல்லாப் பாலும் மேலே நுண்ணறைகளுக்குள்தான் இருக்கும். பழகிய வாசனை, பழகிய கை, கன்றின் முட்டல் இவற்றால் உள்ளே ஆக்சிடோசின் சுரந்தால்தான் அது கீழே இறங்கும். ஆள் மாறினால், நாய் குலைத்தால், பயந்தால் எருமை பாலை மேலேயே நிறுத்திக்கொள்ளும். அமுச்சி சொன்ன மனசு இதுதான்.

உச்சி வெயிலுக்கு எருமைகளை ஆற்றுக்கு ஓட்டுவோம். நொய்யல் அப்போதே வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, ஆனால் மடுக்களில் தண்ணீர் நிற்கும். எருமைக்குத் தோல் கறுப்பு, மயிர் கம்மி, வேர்வைச் சுரப்பியும் மாட்டை விட மிகக் குறைவு. வெயில் முழுதையும் உடம்பு வாங்கிக்கொள்ளும், வெளியேற்ற வழியில்லை. அதனால் தண்ணீரும் சேறும் அதற்குத் தீவனத்துக்குச் சமானம். கழுத்து வரை முங்கிக் கண்ணை மூடிக் கிடக்கும். ஏறி வரும்போது உடம்பெல்லாம் அப்பியிருக்கும் சேறு காய்ந்து ஈயையும் உண்ணியையும் அண்ட விடாது. மத்தியானம் முங்காத எருமை சாயங்காலம் பாலைக் குறைத்துவிடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மடுக்கள்தான் முதலில் போயின. திருப்பூரில் பனியன் தொழில் பெருகப் பெருகச் சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்கியது. ஒரு நாள் சிவப்பாக, ஒரு நாள் நீலமாக வந்தது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷங்களிலேயே சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. ஆற்றங்கரைக் கிணறுகள் உப்பேறின. கிணற்றுத் தண்ணியைத் தாழியில் ஊற்றினால் எருமைகள் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதை மாமா இன்றைக்கும் சொல்வார். ஆறு மாசுபடுவதற்கு எதிராக உழவர்கள் வருஷக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவைச் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியே விடாமல் நடத்துகிறவர்களுக்கு மட்டும் பிறகு வழி திறந்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது எங்கள் ஊரில் முங்குவதற்கு எருமை மிச்சமில்லை.

ஆற்றை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அதே பனியன் கம்பெனிகளின் வேன் காலை ஏழு மணிக்கு ஊர் முக்கில் வந்து நின்றது. மாமாவின் மனைவி, என் அத்தை, அதில் ஏறினாள். சனிக்கிழமை கையில் சம்பளம் வாங்கினாள். அவள் பேரில் வந்த முதல் பணம் அது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் விடியலில் முக்கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, அமுச்சிக்கு அடுத்துக் கறந்திருக்க வேண்டிய கை அத்தோடு வீட்டை விட்டுப் போனது. ஜெர்சிக்கு அந்தக் கை வேண்டாம். யார் பீச்சினாலும் கொடுக்கும், மிஷின் மாட்டினாலும் கொடுக்கும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிடா போனது.

எங்கள் ஊருக்குப் பொதுவான எருமைக் கிடா மேற்கால தோட்டத்தில் இருந்தது. எருமையை அதனிடம் சேர்க்க ஒரு வள்ளம் கம்போ சோளமோ கொடுத்தால் போதும். பருவத்துக்கு வந்த பசு கத்தி ஊருக்கே சொல்லிவிடும். எருமை பெரும்பாலும் கத்தாது. ஊமைப் பருவம் என்பார்கள். ராத்திரியில் வந்து விடிவதற்குள் அடங்கிப்போவதும் உண்டு, கோடையில் இன்னும் மோசம். மனுசக் கண்ணுக்குத் தப்பிப் போவது கிடாவின் மூக்குக்குத் தப்பாது. ஊரோடு கிடா மேய்ந்த காலத்தில் எருமைகள் காலாகாலத்தில் சினையாயின. தோட்டத்துக்காரரின் பையன்கள் திருப்பூரில் குடியேறியபோது கிடாவை விற்றார்கள். பிறகு சினை ஊசிதான். ஊசி போடுகிறவர் காலை பத்து மணிக்கு வருவார். எருமை எப்போது பருவத்துக்கு வந்தது என்று அவர் கேட்டால் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

ஒரு தடவை தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். நாலைந்து தடவை தவறினால் எருமை வறண்டு நிற்கும். பத்து மாசத்துக்கு மேல் சினை சுமக்கிற பிராணி, ஈத்துக்கும் ஈத்துக்கும் நடுவே ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று இழுத்தால் எந்தக் குடியானவரால் தீனி போட முடியும்? கிடாக்கன்று பிறந்தால் பாலைக் கறந்துகொண்டு அதைச் சாக விடுவது மெல்ல மெல்ல வழக்கமானது. அமுச்சி விட்ட ஒரு காம்பையும் பால் சொசைட்டிக் கேன் வாங்கிக்கொண்டது. அடுத்த தலைமுறைக்குக் கிடா எங்கிருந்து வரும்?

சொசைட்டிக் கணக்கும் எருமைக்கு எதிராகவே நின்றது. கொழுப்புக்குக் காசு என்பது பேச்சு. 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தியபோது பசும்பால் லிட்டர் 35 ரூபாய், எருமைப்பால் 44 ரூபாய். ஒன்பது ரூபாய் வித்தியாசம். நாட்டெருமை ஒரு நாளைக்கு மூன்று நாலு லிட்டர் கறக்கும், கலப்பினப் பசு பத்து லிட்டரைத் தாண்டும். கணக்குப் போடத் தெரிந்த எவரும் எருமையை அவிழ்த்து விற்றுவிடுவார். எங்கள் வீட்டுக் கடைசி எருமை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போனது. வாங்கியவர் கேரளத்துக்கு லாரி ஏற்றுகிற வியாபாரி. எருமை எங்கே போகிறது என்று தெரிந்தேதான் மாமா கயிற்றைக் கொடுத்தார். அன்று இரவு அமுச்சி சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததுதான் தமிழ்நாடு முழுக்க நடந்தது. 2007 கணக்கெடுப்பில் இங்கே சுமார் 20 லட்சம் எருமைகள். 2012-ல் 7 லட்சத்து 80 ஆயிரம். 2019-ல் 5 லட்சத்து 19 ஆயிரம். அதே 2019-ல் இந்தியா முழுக்க 10 கோடியே 98 லட்சம் எருமைகள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 3 கோடிக்கு மேல். உலகத்திலேயே அதிகமாக எருமை வளர்க்கும் நாடு நம்முடையதுதான், நாட்டின் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை எருமையே தருகிறது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னதை குஜராத்தின் ஆனந்தில் எச்.எம். தலாயா செய்து காட்டினார். 1955 அக்டோபரில் நேரு திறந்து வைத்த அமுல் ஆலையின் பின்னணி அதுதான். வெண்மைப் புரட்சியின் அஸ்திவாரத்தில் இருப்பது எருமை. சுவரொட்டியில் பசுவைப் போட்டோம்.

நாட்டின் இந்தப் பெரிய எண்ணிக்கையைப் பார்த்து, எருமைக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. பெருகுவது முர்ராவும் முர்ராக் கலப்பும். கொறங்காட்டில் மேய்ந்து மூன்று லிட்டர் கறந்த எங்கள் நாட்டெருமைக்கு இனப் பட்டியலில் பேரே கிடையாது. பேர் இல்லாததால் அது போன கணக்கும் யாரிடமும் இல்லை.

எருமைக் கதையின் மறு கோடியான காட்டெருமையை நான் அஸ்ஸாமின் காசிரங்காவில் பார்த்தேன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ரோட்டோரம் வந்து நிற்கிற, நாம் காட்டெருமை என்று சொல்கிற விலங்கு காட்டுமாடு. அது வேறு இனம். வீட்டெருமையின் மூதாதையான உண்மையான காட்டெருமை தமிழ்நாட்டுக் காடுகளில் இல்லை. அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளியில்தான் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறது. சத்தீஸ்கரின் இந்திராவதிப் பகுதியிலும், நேபாளத்தின் கோசி தப்புவிலும், இன்னும் சில இடங்களிலும் கொஞ்சம். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் நாலாயிரத்துக்கு உட்பட்டவையே என்பது கணிப்பு. புலிக்கும் யானைக்கும் இருக்கிற பேர் இதற்கு இல்லாததால் இந்த எண் நம் காதில் விழுவதில்லை.

பீல் என்று அங்கே சொல்கிற ஏரி ஓரம், ஆள் உயரப் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு கிடா வெளியே வந்தது. ஜீப்பில் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். வளர்ந்த காட்டெருமைக் கிடா ஆயிரம் கிலோவைத் தாண்டும், எங்கள் ஊர்க் கிடாவைப் போல் இரண்டு பங்கு. கொம்பு இரண்டும் தலையிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி அரிவாள் வளைவில் பின்னால் போயிருந்தன, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஆள் நீளம் இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெளுப்பு. சேறு அப்பிய விலா. எங்களைப் பார்த்ததும் மூக்கை மேலே தூக்கி, முகத்தைத் தரைக்குச் சமமாக நீட்டி, காற்றை இழுத்து மோந்தது. புது ஆள் கட்டுத்தறிக்குள் வந்தால் அமுச்சியின் எருமை செய்வதை அச்சு அசலாகச் செய்தது. ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவின் வடமேற்கில் மனிதர் பழக்கத் தொடங்கிவிட்ட பிராணி இது. இத்தனை தலைமுறை கட்டுத்தறியில் வாழ்ந்த பிறகும் அந்த மோப்பம் மாறவில்லை.

எங்கள் ஊருக்கு நேர் எதிரான கவலையை அங்கே கேட்டேன். எங்களுக்குக் கிடா இல்லை. அங்கே கிடாக்கள் எல்லை தாண்டுகின்றன. ஆற்றுத் திட்டுகளில் பட்டி போட்டு எருமை வளர்ப்பவர்களின் மந்தைக்குள் காட்டுக் கிடா இறங்கிவிடும். பிறக்கிற கன்று திடகாத்திரமாக இருப்பதால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக் கிடாக்கள் காட்டு மந்தையோடு கலந்தால் சில தலைமுறையில் காட்டு இனம் காட்டினமாக இருக்காது. வேட்டையையும் வெள்ளத்தையும் தாண்டி வந்த விலங்குக்குச் சொந்த ரத்த உறவே பெரிய ஆபத்தாக நிற்கிறது. கலப்பும் மேய்ச்சல் போட்டியும் மந்தைகள் வழியே பரவும் நோயும்தான் அதற்கு எதிரான முக்கிய அச்சுறுத்தல்கள்.

சத்தீஸ்கரில் நிலைமை இன்னும் மோசம். காட்டெருமைதான் அந்த மாநில விலங்கு. உதந்தி சரணாலயத்தில் பெண் எருமை ஒன்றே ஒன்று மிஞ்சியபோது, அதன் செல்லிலிருந்து கர்னாலின் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் நகல் கன்று ஒன்றை உருவாக்கினார்கள். 2014 டிசம்பரில் பிறந்த அதற்குத் தீபாஷா என்று பேர். காட்டு விலங்கின் வாரிசைப் பால் பண்ணை ஆய்வகத்தில் பிறக்க வைக்க வேண்டியதாயிற்று. அது மந்தையோடு காட்டில் வாழவில்லை, பின்னாளில் ராய்ப்பூர் உயிரியல் பூங்காவில்தான் வைக்கப்பட்டது. 2020-ல் அஸ்ஸாமின் மானஸிலிருந்து ஒரு கிடாவையும் ஒரு பெண்ணையும் லாரியில் ஏற்றி சத்தீஸ்கரின் பார்நவாபாரா சரணாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இன்னும் சில வந்தன. எனக்கு இந்த இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை. மந்தைக்கு மந்தைதான் பாடம் சொல்ல முடியும்.

காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கிற எருமையைப் பார்க்க எங்கள் மாவட்டத்துப் பக்கமே இடம் இருக்கிறது, அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. அங்கே செந்நிற மலைமாட்டோடு எருமைகளும் காட்டில் பட்டி போட்டு வளர்ந்தவை. தானாக மேய்ந்து தானாகத் திரும்பும். 2022-ல் காடுகளில் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்பு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டாரக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆயின. பட்டிக்காரர்களின் கவலை அன்றோடு இரட்டிப்பானது.

மேய்கிற மந்தையிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் பரவும் என்ற பயம் பொய்யில்லை. 1968-ல் மாடுகளின் வெக்கை நோய் முதுமலைக் காட்டுமாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. ஆனால் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. காசிரங்காவில் வீட்டெருமையையும் காட்டெருமையையும் பிரித்து வைப்பது கட்டாயம், ஏனென்றால் அங்கே கலப்பதற்கு உறவு இருக்கிறது. பர்கூரில் கலப்பதற்குக் காட்டெருமையே இல்லை. இரண்டு காட்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பது சரியில்லை. தடுப்பூசி போட்டு, தலை எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, பழைய பட்டிக்காரர்களுக்கு மேய்ச்சலை அனுமதிக்கலாம். மலையெருமை இறங்கி வந்துவிட்டால் அதைத் திரும்ப ஏற்ற நம்மிடம் ஆள் கிடையாது.

எங்கள் ஊருக்கு இனி எருமை வருமா என்று எனக்குத் தெரியாது. வரக்கூடிய ஊர்கள் இருக்கின்றன. ஐந்தாறு வீட்டில் எருமை மிஞ்சியிருக்கிற ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிறக்கிற கிடாக்கன்றுகளில் நல்ல ஒன்றைப் பால் விட்டு வளருங்கள், ஊருக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ளுங்கள். கால்நடைத் துறை ஊசிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இந்தக் கிடாக்களின் தீனிக்குக் கொடுக்கட்டும். டவுனில் இருக்கிறவர்கள் எருமைப் பாலைத் தனியாகக் கேட்டு, அதற்குரிய விலை கொடுத்து வாங்குங்கள். ஒன்பது ரூபாய் வித்தியாசத்தில் எந்தக் குடியானவரும் எருமை வளர்க்க முடியாது.